சோழமண்டலத்து ஊசித்தட்டான்

கோரமண்டலம் என்ற சொல்லை இப்போது யாரும் ஊர்ப்பெயராகச் சொல்வதில்லை. சென்ட்ரலிலிருந்து வங்காளம் போகும் ரயிலுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையின் பலகையில் இருக்கிறது. சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் உருண்டு அப்படி ஆனது என்பார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, இந்தக் கரை முழுக்க நடந்த துணி வியாபாரத்தை அங்கிருந்துதான் நடத்தினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைகள் மிச்சம். பெயர் இன்னும் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னோர் இடம் ஒரு பூச்சி. செரியாக்ரியன் கோரமண்டலியானம். நம்மூர் மொழியில் ஊசித்தட்டான். அதில் மஞ்சளாக இருப்பது.

பெயர் வைத்தவர் யோஹான் கிறிஸ்டியன் ஃபப்ரீசியஸ். டென்மார்க்காரர், லின்னேயஸின் மாணவர், கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஏறத்தாழ 10,000 பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர், இந்தியப் பக்கம் வந்ததே கிடையாது. 1798இல் கோபன்ஹேகனில் அச்சான அவருடைய பிற்சேர்க்கை நூலில் இந்தப் பெயர் வருகிறது. அந்த நாளில் நம் கரைப் பூச்சிகள் அவர் மேஜைக்குப் போக நல்ல வழி தரங்கம்பாடிதான். அங்கே டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்தது, கோட்டையில் வேலை குறைவாக இருந்த அதிகாரிகளும் இருந்தார்கள். டால்டோர்ஃப் என்ற லெப்டினன்ட் அவர்களில் ஒருவர். 1791 நவம்பரில் ஒரு மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதி, அது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போனது. பனையேறிக்கெண்டை உண்மையில் பனை ஏறுமா என்று மீன் அறிஞர்கள் அதற்குப் பிறகு வெகுகாலம் சண்டை போட்டார்கள். நம் ஆட்கள் அந்த மீனுக்குப் பெயர் வைத்தபோது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

தும்பி என்று எழுதாமல் தட்டான் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்போது இயற்கை ஆர்வலர்கள் தட்டானைத் தும்பி என்றும், இதை ஊசித்தும்பி என்றும் எழுதுகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் சங்கப் பாட்டில் தும்பி தேன் தேடி அலைவது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் கேள்வி கேட்பது அந்த வண்டினத்தைப் பார்த்துத்தான். தட்டான் தேனைத் தொடாது. அது வேட்டைக்காரப் பிராணி. பறக்கும் கொசுவை, ஈயை, செடிப்பேனைக் காலால் அள்ளிப் பிடித்துத் தின்பது. மேலும், திருவொற்றியூரிலோ மணலியிலோ போய்த் தும்பி என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஊசித்தட்டான் என்றால் கை காட்டுவார்கள்.

தட்டானுக்கும் ஊசித்தட்டானுக்கும் வித்தியாசம் எளிது. தட்டான் உட்காரும்போதும் ரெக்கையை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் அதை மடித்து முதுகின் மேல் சேர்த்து வைக்கும். தட்டானின் கண்கள் பெரும்பாலும் தலையுச்சியில் ஒட்டியிருக்கும், இதற்கு இரண்டும் தள்ளித் தள்ளி, சுத்தியல் முனைகள்போல. சின்ன வயதில் பெரிய தட்டானின் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவிட்டிருக்கிறோம். ஊசித்தட்டானுக்கு அந்தத் தண்டனை கிடைத்ததில்லை. முடிச்சு இறுகுவதற்குள் வால் ஒடிந்துவிடும். உலகத்தில் இரண்டு வகையும் சேர்த்து 6,000க்கு மேற்பட்ட இனங்கள், அதில் ஏறத்தாழப் பாதி ஊசித்தட்டான்கள்.

நான் பார்த்துவரும் இடம் சடையங்குப்பம். என் சித்தி வீடு அங்கே. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு, தெற்கே மணலியின் ஆலைப் புகைபோக்கிகள். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். சேர்ந்ததன் அடையாளமாகக் குப்பைமேடு சீக்கிரமே வந்தது, மற்றது மெதுவாக வருகிறது. பூண்டியில் உபரிநீர் திறந்துவிட்டால் பாதை முதலில் அடைபடும் ஊர்களில் இதுவும் ஒன்று. சித்தி வீட்டில் அரிசி மூட்டையை வைப்பதற்கென்றே பரண் போட்டிருக்கிறார்கள், அது எந்த அளவுக்கு உயரம் என்பதை 2015 வெள்ளம் தீர்மானித்தது.

இங்கே தண்ணீர் மூன்று விதம். முதலாவது, மழைத்தண்ணீர் நிற்கும் குட்டைகள். பழைய வயல்களின் பள்ளம், மண் அள்ளிய குழி, கோரையும் சம்பும் முளைத்தது. இரண்டாவது, தெருவோரக் கால்வாயும் வீட்டுக் கழிவுநீர் தேங்கும் பள்ளமும். மூன்றாவது, ஆறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்கும் இடத்தில் ஏறி இறங்கும் உப்புத்தண்ணீர். மூன்றுக்கும் நடுவில் சில இடங்களில் நடந்து பத்து நிமிடம்கூட இல்லை.

மஞ்சள் ஊசித்தட்டான் முதல் தண்ணீரில்தான் இருக்கும். ஆண் பூச்சி நம் சுட்டுவிரலின் பாதிக்குக் கொஞ்சம் அதிக நீளம். மார்பு பச்சை கலந்த பாசிநிறம், கண்ணும் அப்படியே, வால் மட்டும் நல்ல எலுமிச்சை மஞ்சள். பெண் மங்கலான பழுப்பு, காய்ந்த புல்லோடு வைத்தால் காணாமல் போய்விடும். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, கோரைத் தண்டுகளுக்கு நடுவே, எங்கேயும் போகிற அவசரம் இல்லாமல் மிதக்கும். மழைக்கு முன்னால் தாழப் பறக்கிறது என்று நம் கிழவிகள் சொல்லும் தட்டான் இதுவல்ல. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பது இந்துமாக்கடலையே தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஊர்சுற்றித் தட்டான். அது கண்டம் தாண்டும், இது குட்டையைத் தாண்டினாலே பெரிய விஷயம். ஒரு குட்டை காய்ந்தால் அடுத்த குட்டை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீரின் ஓரங்களிலும் மூன்றாவது தண்ணீரின் ஓரங்களிலும் இருப்பது வேறு பூச்சி. இன்னும் சின்னது, முதுகு கறுப்பு, மார்பில் பச்சைக் கோடு, வால்நுனிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு நீலக்கணு. சாயங்கால வெளிச்சத்தில் அந்த நீலம் மட்டும் தனியாகப் பறப்பதுபோல் இருக்கும். இஷ்நூரா செனகலென்சிஸ். 1842இல் ராம்பூர் என்ற பிரெஞ்சுக்காரர் செனகல் நாட்டின் பேரை வைத்துவிட்டார். ஆனால் இது ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரைக்கும் உண்டு. வசதிக்கு நீலவால் என்று வைத்துக்கொள்கிறேன். சடையங்குப்பத்தில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது, இதுவும் ஊசித்தட்டான்தான்.

இரண்டையும் பற்றிக் கர்னல் ஃபிரேசர் எழுதியிருக்கிறார். ஃபிரேசர் இந்திய மருத்துவப் பணியில் அறுவை மருத்துவராக இருந்தவர். மூன்று தொகுதிகளாக 1933, 1934, 1936இல் வந்த அவருடைய நூல்கள்தான் இன்றைக்கும் இந்தியத் தட்டான்களுக்கு அடிநூல். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இவ்வளவு பூச்சி பார்த்திருக்கிறார். ஐடி கம்பெனியில் ஸ்ப்ரிண்ட் முடிக்கவே நேரமில்லை என்கிறோம்.

நீலவாலின் கதை கொஞ்சம் விசித்திரமானது, அதனால் சற்று நின்று சொல்கிறேன். இதில் பெண்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. வளர்ந்த பெண்களில் ஒரு பகுதி ஆண் மாதிரியே பச்சையும் நீலமும் போட்டுக்கொண்டு திரியும், இன்னொரு பகுதி பழுப்பாக இருக்கும். புதிதாக வெளிவந்த இளம் பெண் நல்ல ஆரஞ்சு. எதற்கு இந்த வேஷம்? ஆண்களின் தொல்லை தாங்காமல்தான். நீலவால்களில் சேர்க்கை மணிக்கணக்கில் நீடிக்கும். அந்த நேரமெல்லாம் பெண்ணுக்கு வேட்டை இல்லை, முட்டை இல்லை. ஆண் பூச்சி, தான் அதிகமாகச் சந்திக்கும் நிறத்தைத்தான் பெண் என்று கற்றுக்கொண்டு துரத்துகிறது. எனவே எந்த நிறம் குறைவோ அந்த நிறத்துக்குத் தொல்லை குறைவு, முட்டை அதிகம். அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்த நிறம் பெருகும், பெருகியதும் தொல்லை அதன் பக்கம் திரும்பும். ஜப்பானில் யூமா தகஹாஷியும் கூட்டாளிகளும் இதே இனத்தை வைத்து ஆய்வு செய்து 2010இல் எழுதினார்கள். இரண்டு நிறங்களில் எதுவும் ஜெயிக்காமல் இரண்டும் நிலைத்திருப்பதற்கு இதுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு. சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க நாங்கள் எழுதும் நிரல் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது, இவ்வளவு நேர்த்தியாக இல்லை.

மஞ்சளில் காவல் வேறு மாதிரி. ஊசித்தட்டான்களின் ஆண், முந்தின ஆண் விட்டுப்போன விந்தை வழித்தெடுத்துவிட்டுத்தான் தன்னுடையதைச் செலுத்துகிறது. ஜொனாதன் வாகே என்ற அமெரிக்கர் 1979இல் இதைக் காட்டியபோது பூச்சியியலே கொஞ்சம் அதிர்ந்தது. அவர் பார்த்தது வேறோர் ஊசித்தட்டான், ஆனால் வழக்கம் பரவலானது. அப்படியானால் கடைசி ஆளாக இருப்பவனுக்குத்தான் லாபம். எனவே மஞ்சள் ஆண், சேர்க்கை முடிந்த பிறகும் பெண்ணின் கழுத்தை வால்நுனியால் பிடித்தபடி, அவள் முட்டை வைத்து முடிக்கும்வரை அவள்மேல் நட்டுக்குத்தாக நிற்கும். கால்களை மடித்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், கொடிக்கம்பம் மாதிரி. கீழே அவள் வாலை வளைத்துத் தண்ணீருக்குள் விட்டு, செடியின் தண்டைக் கீறி, ஒவ்வொரு முட்டையாகச் செருகுவாள். சில சமயம் ஒரே இலையில் நாலைந்து ஜோடிகள், நாலைந்து கம்பங்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் பூச்சி செத்து விறைத்து நிற்கிறது என்று நினைப்பார்கள்.

இந்த முட்டை வைக்கும் விதத்தில்தான் மஞ்சளின் கட்டுப்பாடு எல்லாம் இருக்கிறது. தண்ணீர் மட்டும் போதாது. தண்ணீருக்குள் உயிருள்ள மென்மையான தண்டு வேண்டும். பொரித்து வரும் குஞ்சு தண்ணீருக்குள் மாதக்கணக்கில் வாழ வேண்டும். அதன் வால்நுனியில் மூன்று இலைகள்போல செவுள்கள், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அவற்றாலும் உடல்தோலாலும் இழுத்துக்கொள்ளும். மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டும் வழி அதற்கு இல்லை. முகத்துக்கடியில் மடித்து வைத்த உதடு ஒன்று உண்டு. இரை பக்கத்தில் வந்தால் அதைக் கைபோல நீட்டிப் பிடித்து இழுக்கும். கொசுப்புழு அதற்கு மிகவும் பிடித்த சாப்பாடு.

இதைச் சொன்னதும் சித்தப்பா சிரித்தார்.

"கொசுவ துன்னுதா? அப்ப இங்க கீற கொசுவெல்லாம் இன்னா, வெளியூர்லேர்ந்து வந்துச்சா?"

நியாயமான கேள்வி. சடையங்குப்பத்தில் ஆறு மணிக்கு மேல் வாசலில் நிற்க முடியாது. பதில் அந்த மூச்சில்தான் இருக்கிறது. சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கி, வால்குழாயை மேலே நீட்டிக் காற்றிலிருந்தே மூச்சு விடும். தண்ணீரில் ஆக்சிஜன் சுத்தமாக இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. ஊசித்தட்டான் குஞ்சுக்குத் தண்ணீர் மூச்சுவிட வேண்டும். ஆக, கொசு எங்கே அதிகமோ, சரியாக அங்கேதான் அதன் வேட்டைக்காரனால் வாழ முடியாது. கழிவுநீர் விடுவது வெறும் அழுக்கு சேர்ப்பதல்ல, ஒருவனை வெளியேற்றி மற்றவனுக்கு வீடு கொடுப்பது. பிறகு மாநகராட்சி ஆட்கள் வந்து கொசுப்புழுவைக் கொல்ல எண்ணெய் தெளிப்பார்கள், கம்பூசியா மீன் விடுவார்கள். அந்த மீன் கொசுப்புழுவையும் தின்னும், தட்டான் குஞ்சையும் தின்னும். அதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் ஒரே மாதிரி துன்னுது, நல்ல மீனுதான்," என்றார் சித்தப்பா.

நீலவால் ஏன் தாக்குப்பிடிக்கிறது? கொஞ்சம் உப்பு ஏறினாலும் அதன் குஞ்சு உடம்புக்குள் உப்பின் அளவைச் சமாளித்துக்கொள்கிறது. உப்பங்கழி ஓரங்களில், வெயிலில் சுண்டிய குட்டைகளில், கழிவு கலந்து பச்சையாகிப்போன பள்ளங்களில்கூட அது பிழைக்கும். முழுச் சாக்கடையில் அல்ல, ஆனால் சாக்கடைக்குப் பக்கத்துப் படிநிலையில். பெண் தனியாக வந்து எந்தத் தண்டு கிடைக்கிறதோ அதில் முட்டையிட்டுப் போய்விடும், காவல்காரன் தேவையில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தட்டான் இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று வாட்ஸப்பில் ஒரு வரி சுற்றுகிறது. பள்ளிக்கூடங்களில் சொல்கிறார்கள், நடைப்பயணம் கூட்டிப்போகும் நல்ல மனிதர்களும் சொல்கிறார்கள். மலையோடையில் மட்டும் வாழும் இனங்களைப் பற்றி அப்படிச் சொல்லலாம். எண்ணூர்ப் படுகையில் நின்றுகொண்டு நீலவாலைக் காட்டி அப்படிச் சொன்னால், அது இந்தத் தண்ணீரை இப்படி ஆக்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் நற்சான்று. என் வேலையில் ஹெல்த் செக் என்று ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைக் கூப்பிட்டு உயிரோடு இருக்கிறாயா என்று கேட்போம். 200 என்று பதில் வந்தால் திரையில் பச்சை விளக்கு. உள்ளே டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் வாசல் காவலாளி மட்டும் 200 சொல்லிக்கொண்டிருப்பான். நீலவால் அந்தக் காவலாளி. அது இருப்பது ஒரு செய்தியே அல்ல. மஞ்சள் எங்கே இல்லை என்பதுதான் செய்தி. ஆனால் எந்தப் பட்டியலிலும் இருப்பதற்குத்தான் கட்டம் உண்டு, இல்லாததற்குக் கட்டம் கிடையாது. பன்னாட்டுச் செம்பட்டியலில் இரண்டு பூச்சியுமே கவலை குறைந்த இனங்கள். உலகத்தை மொத்தமாக எடுத்தால் அது சரி. மஞ்சள் இந்தியா முழுக்க இருக்கிறது, அழியப்போவதில்லை. ஒரு குட்டையிலிருந்து அது போனால் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

தாங்கும் சக்தியைப் புகழ்வதில் எனக்கு ஏற்கெனவே கசப்பு உண்டு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வடசென்னை மக்களின் மனவுறுதியைப் பற்றி யாராவது எழுதுவார்கள். சித்தி அதைப் படித்ததில்லை. படித்தால் என்ன சொல்லுவாள் என்று தெரியும். அதை இங்கே அச்சிட முடியாது.

2023 டிசம்பருக்கு வருகிறேன். மிக்ஜாம் புயலின் மழை 3, 4 தேதிகளில் கொட்டியது. வெள்ளம் வடிய ஆரம்பித்தபோது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. வீடுகளின் சுவரில், படகில், வலையில், அலையாத்தி மரங்களில் கறுப்புக் கோடு விழுந்தது. மீனவர்கள் பிளாஸ்டிக் பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெய் அள்ளிய படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கு எடுத்தது. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் இருந்தது செய்தியானது. பூச்சிகள் செய்தியாகவில்லை, ஆக வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எண்ணெய்க்கும் தட்டானுக்கும் ஒரு தனி விரோதம் உண்டு.

தட்டான் இனங்கள் தண்ணீரைக் கண்டுபிடிப்பது நீல நிறத்தைப் பார்த்தோ ஈர வாடையை வைத்தோ அல்ல. தட்டையான நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கிடைமட்டமாக ஒழுங்குபட்டு வரும். நம் கண்ணுக்கு அது தெரியாது, தட்டான் கண்ணுக்குத் தெரியும். அதற்குத் தண்ணீர் என்றால் அந்த ஒழுங்குபட்ட வெளிச்சம்தான். இப்போது சிக்கல் என்னவென்றால், கறுப்பு எண்ணெய் அந்த வெளிச்சத்தைத் தண்ணீரைவிட இன்னும் அழுத்தமாகத் திருப்பி அனுப்பும். ஹங்கேரியின் காபோர் ஹொர்வாத் இதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். 1991 வளைகுடாப் போரில் குவைத் பாலைவனத்தில் தேங்கிய எண்ணெய் ஏரிகள் பூச்சிப்பொறிகளாக ஆனதைப் பற்றி அவரும் ஜோகன் ஸைலும் 1996இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். புடாபெஸ்டில் ஒரு கழிவெண்ணெய்க் குளத்திலும் அதையே பார்த்தார். தட்டான்கள் ஏமாந்துபோய் விழவில்லை, விரும்பி வந்து இறங்கின. பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தாலும் அவற்றின் கண்ணில் எண்ணெய்தான் சிறந்த தண்ணீர். மழையில் பளபளக்கும் கார் கூரையில் தட்டான் வாலைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுவதும் இதனால்தான். ஓஎம்ஆர் அலுவலக வாகன நிறுத்தத்தில் இதைத் தினமும் பார்க்கலாம்.

எண்ணெய் படர்ந்தால் இன்னும் மூன்று வழியில் கொல்லும். காற்றிலிருந்து தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவதை அது தடுக்கும். முட்டை வைக்கும் தண்டின் மேல் பூசிக்கொள்ளும். எல்லாவற்றையும் தப்பி வளர்ந்த குஞ்சு கடைசியில் ஒரு தண்டைப் பிடித்து மேலேறி, தோலை உரித்து, ரெக்கையை விரிக்க வேண்டும். ஏறி வரும் வழியில் நீர்மட்டத்தில்தான் எண்ணெய் வளையம் இருக்கும். நசுங்கிய ஈரக் காகிதம்போல இருக்கும் ரெக்கை அதில் பட்டால் அவ்வளவுதான்.

2024 பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கால்வாய்க் கரையில் நடந்தேன். கோரைத் தண்டுகளில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு. நீலவால்கள் ஆறோ ஏழோ இருந்தன. ஒன்று தண்டின் கறுப்புப் பகுதியில் உட்கார்ந்து எழ முடியாமல் ரெக்கையை அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன், கால் இரண்டு தண்டோடு போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த இடத்தில் நீலவால் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. ஒரு வருஷத்தில் பல தலைமுறை ஓடும் பூச்சிக்கு அது கஷ்டமில்லை. தண்டில் கறுப்பு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. பார்த்தீர்களா, இயற்கை மீண்டுவிட்டது என்று சொல்ல இதைவிட நல்ல படம் கிடைக்காது. நான் எடுத்த படத்தை அதனால்தான் எங்கும் போடவில்லை.

மஞ்சள் அந்தக் கரையில் முன்பும் இல்லை, அதனால் போனது என்றும் சொல்ல முடியாது. அது இருந்தது சித்தி வீட்டுக்குப் பின்னால் உள்ள குழியில். யாரோ எப்போதோ சாலைக்கு மண் எடுத்த குழி. நீளத்தில் ஒரு பேருந்து நிற்கலாம். மழைத்தண்ணீர் மட்டும் சேரும், சுற்றி மேடு என்பதால் தெருச் சாக்கடை அதில் இறங்காது. 2023இல் வெள்ளம் அதன்மேலும் ஏறி வடிந்தது, ஆனால் கறுப்பு அங்கே வரவில்லை. ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. அரசாங்கக் கணக்கில் நீர்நிலையும் கிடையாது. தண்ணீரில் கோரை, ஆகாயத்தாமரை, ஓரத்தில் பொன்னாங்கண்ணி. சித்தி பொன்னாங்கண்ணி பறிக்கப் போவாள், நான் பூச்சி பார்க்கப் போவேன். ஈரநிலம் என்றால் நமக்குப் பள்ளிக்கரணையும் பழவேற்காடும் ஞாபகம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் அவற்றுக்கு நடுவே இந்தப் பூச்சியை ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்கு நடக்க வைப்பவை இந்த மாதிரிப் பெயரில்லாத குழிகள்தான்.

போன ஆண்டு நவம்பரில் நல்ல மழை விட்ட இரண்டாம் நாள் போனேன். ஆகாயத்தாமரைத் தண்டு ஒன்றில் மூன்று ஜோடிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன, மூன்று மஞ்சள் கம்பங்கள். குழியின் அந்தப் பக்கத்தில் ஒரு டிப்பர் லாரி ரப்பீஸ் கொட்டிக்கொண்டிருந்தது. உடைத்த சிமெண்ட், டைல்ஸ், ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டின் பாதி.

"யார் கொட்டச் சொன்னது சித்தி?"

"நாங்கதாண்டா. லோடு எறநூறு ரூபா வாங்கிக்குறான்."

"ஏன்?"

"ஏன்னா? போன வெள்ளத்துல தண்ணி எங்கேர்ந்து உள்ள வந்துச்சுன்னு நெனைக்கிற? இந்தப் பள்ளம் ரொம்பித்தான் பின்கதவால வந்துச்சு. தெருவே சேந்து காசு போட்டுத் தூக்குறோம்."

நான் எதுவும் சொல்லவில்லை. அவள் வீட்டுப் பரணின் உயரம் எனக்குத் தெரியும். பள்ளத்தை மேடாக்கினால் அந்தத் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும், அடுத்த தெரு அதன் பள்ளத்தை நிரப்பும் என்பதும் தெரியும். அவளுக்கும் அது தெரியாமல் இல்லை.

"அந்த மூலைய விட்டுரச் சொல்லு சித்தி. கீரையாவது இருக்கும்."

"கீரைக்கு விட்டுரலாம்," என்றாள். லாரிக்காரரிடம் போய்க் கையைக் காட்டிப் பேசினாள்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது குழியில் நான்கில் ஒரு பங்கு மிச்சம். பொன்னாங்கண்ணி மூலை. காலை ஒன்பது மணியிலிருந்து பத்துவரை உட்கார்ந்து எண்ணினேன். நீலவால் 30ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். மஞ்சள் ஆண் 4, பெண் 1. பெண் தனியாக இருந்தது. சித்தி ஒரு கட்டு கீரையை என் பையில் வைத்து, வேர்ப் பக்கம் மண் இருக்கிறது, இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லு என்றாள்.